வால்வ் பிரீஅம்ப் இரையுதா, கரகரக்குதா, பேசாமக் கிடக்குதா: சத்தத்தை வச்சுப் பிழை பிடிக்கிற முறை

திருகோணமலை உப்புவெளியில ஒரு வீட்டு விறாந்தையில போயா லீவுகளில கூடி நாங்கள் அஞ்சு பேர் வால்வ் பிரீஅம்ப், எண்டா பிளேயருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில கண்ணாடி வால்வால பாட்டைப் பெருக்கிற பெட்டி, கட்டுறம். பாலையூத்து அண்ணை பழைய வால்வ் றேடியோ திருத்திப் பழகின கை, கிண்ணியா நானா தகடு வெட்டி ஓட்டை போட்டு செசிஸ் செய்யிறதில விண்ணர், மூதூர்த் தம்பி இப்பதான் படிச்சு முடிச்சவர், மீற்றர் காட்டாத ஒண்டையும் நம்பமாட்டார், மற்றது நானும் என்ர கூட்டாளியும். எல்லாருக்கும் ஒரே சேர்க்கிட், ஒரே பட்டியலைப் பாத்து வாங்கின சாமான், எண்டாலும் அஞ்சும் அஞ்சு விதமான வருத்தத்தோடதான் எழும்பினது. அதுகளைத் தேடிப் பிடிச்சதில எனக்கு ஒண்டு நல்லா விளங்கினது, எந்தச் சாமானை மாத்திறது எண்டு யோசிக்க முதல் சத்தத்தை வடிவாக் கேக்கோணும், பிறகு மீற்றரை வைக்கோணும், சொல்டர் அயனைத் தொடுறது அதுக்கும் பிறகுதான். எங்கட ஊரில ஒரு 400 வோல்ட் கபாசிற்றர் வேணுமெண்டாலும் இரவு பஸ் ஏறிக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகோணும், அதால சும்மா மாத்தி மாத்திப் பாக்கிற விளையாட்டு எங்களுக்குக் கட்டாது.

சேர்க்கிட்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், இல்லாட்டி கீழ வாற வோல்டேஜ் ஒண்டும் பொருந்தாது. ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வ், அதின்ர ஒரு பாதி இடது சனலுக்கு, மற்றப் பாதி வலதுக்கு. வொலியூம் கொன்ரோல் 100 கே (ஒரு கே எண்டா 1000 ஓம்), அது வால்வுக்கு முன்னால. வால்வில பாட்டு உள்ள போற இடம் கிரிட், பெருகி வெளிய வாற இடம் பிளேற், எலெக்ரோனை விடுற இடம் கதோட், அதைச் சூடாக்கிற இழை ஹீற்றர். பிளேற்றில 100 கே ரெசிஸ்ரர், கதோட்டில 1.5 கே, அதுக்குக் குறுக்க ஒரு கதோட் கபாசிற்றர். பிறகு ஒரு 12ஏயூ7, கதோட் பொலோவர், எண்டா பெருக்காமல் வெளிய தள்ளிவிட மட்டும் இருக்கிற வால்வ், முதல் வால்வின்ர பிளேற்றில இருந்து நேர பொலோவர் கிரிட்டுக்கு வயர் போகுது, கதோட்டில 47 கே, அங்க இருந்து 2.2 மைக்ரோ பரட் கபாசிற்றர் ஊடா வெளிய. எச்.ரி. எண்டு பழைய றேடியோ ஆக்கள் சொல்லுற பெரிய வோல்டேஜ் 250. அதுக்கு ஸ்பெஷல் ரான்ஸ்போமர் தேடாமல் ரெண்டு சின்ன ரான்ஸ்போமரை முதுகோட முதுகு சேத்திருக்கிறம், ஒண்டு 230 ஐ 15 ஆக இறக்கும், மற்றது திருப்பி ஏத்தும், ரெண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் இழந்து 200 க்குக் கிட்டத்தான் ஏசி வரும், அதை ரெக்ரிபை பண்ணி (ஏசியை டிசி ஆக்கி) வடிகட்டினா எங்களுக்குத் தேவையானது வந்திடும். நடுவில இருக்கிற 15 வோல்ட்டில இருந்து ஹீற்றருக்கும் டிசி எடுத்துக்கொள்ளுறம்.

பெட்டி சரியா வேலை செய்யேக்க எடுத்த வோல்டேஜைக் கடதாசியில எழுதி மூடிக்கு உள்பக்கமா ஒட்டி வையுங்கோ. எங்கடது இப்பிடி: 12ஏஎக்ஸ்7 இல 1ஆம் 6ஆம் பின் (பிளேற்) 170 க்குக் கிட்ட, 2உம் 7உம் (கிரிட்) சுழியம், 3உம் 8உம் (கதோட்) 1.2 வோல்ட். 12ஏயூ7 இல 1உம் 6உம் 250, 2உம் 7உம் அதே 170, 3உம் 8உம் அதை விட ரெண்டு மூண்டு வோல்ட் கூட. பத்து வீதம் முன்ன பின்ன இருந்தாப் பரவாயில்லை. இந்தக் கடதாசி இல்லாமல் பிழை தேடுறது இருட்டில ஊசி தேடுற மாதிரி.

இன்னொண்டு, இதை வாசிக்காமல் கீழ போகவேண்டாம். 250 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். சுவிச்சை நிப்பாட்டினாலும் கபாசிற்றருக்குள்ள கறண்ட் நிக்கும், ப்ளக்கைக் கழட்டி 2 நிமிசம் பொறுத்து, மீற்றரை வச்சு 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினதை உங்கட கண்ணால கண்டுதான் கையை உள்ள விடோணும். கறண்டோட அளக்கிறதெண்டா மீற்றரின்ர கறுப்பு வயரை முதலைக் கிளிப் போட்டு எர்த்தில கடிக்க விட்டிட்டு ஒரு கையால மட்டும் அளவுங்கோ, மற்றக் கை பொக்கெற்றுக்குள்ள, காலில செருப்பு. தனிய இருந்து செய்யவேண்டாம், வீட்டில ஒரு ஆளுக்காவது மெயின் சுவிச் எங்க இருக்கெண்டு காட்டி வையுங்கோ. முதல் தடவை பவர் குடுக்கேக்க 40 வாட் குண்டு பல்ப் ஒண்டை சீரீஸில போடுங்கோ, பல்ப் ஒருக்கா மின்னி மங்கினா நல்லது, பிரகாசமா எரிஞ்சுகொண்டே நிண்டா உள்ள எங்கயோ ஷோர்ட், உடன நிப்பாட்டுங்கோ.

வால்வ் எரியவே இல்லை

முதல்ல கண்ணாடியின்ர உச்சியைப் பாருங்கோ. உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளக்கிற பூச்சு இருக்கோணும், அது பால் வெள்ளையா மாறியிருந்தா வால்வுக்குள்ள காத்துப் போயிற்று, அதுக்கு மருந்தில்லை. வெள்ளிப் பூச்சு சரியெண்டா வால்வைக் கழட்டி 4க்கும் 5க்கும் இடையில ஓம் பாருங்கோ, குறைஞ்ச ஓம் ஒண்டு காட்டோணும், ஒண்டும் காட்டாட்டி ஹீற்றர் அறுந்திட்டுது. ஹீற்றரும் சரியெண்டா சொக்கற்றில வோல்டேஜ் வருதா எண்டு பாருங்கோ.

இதில எங்கட கூட்டாளி ஒரு நல்ல வால்வைப் பறிகுடுத்தவர். ரஷ்யன் 6என்2பி வால்வ் 12ஏஎக்ஸ்7 க்குச் சமன் எண்டு ஒருத்தர் சொல்ல வாங்கிவந்து அப்பிடியே குத்தினார். பெருக்கிற அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா ஹீற்றர் வேற. 12ஏஎக்ஸ்7 இன்ர ஹீற்றர் ரெண்டு துண்டு, 4க்கும் 5க்கும் குடுத்தா 12.6 வோல்ட், ரெண்டையும் சேத்து 9க்கு எதிராக் குடுத்தா 6.3. ரஷ்யன் வால்வில 4க்கும் 5க்கும் இடையில 6.3 மட்டும்தான், 9 உள்ள இருக்கிற தடுப்புத் தகடு. எங்கட சொக்கற்றில 12.6 ஓடினபடியா அது வெள்ளையாப் பத்தி சில செக்கனில அணைஞ்சு போச்சு. 6.3 க்கு வயர் பண்ணின சொக்கற்றில குத்தியிருந்தா எரியாமலே கிடந்திருக்கும். ஈசிசி88 வால்விலயும் 9ஆம் பின் இப்பிடித்தான். பின் ஒன்பதும் ஒரே மாதிரிப் பொருந்துது எண்டதுக்காக நம்பவேண்டாம்.

வால்வ் எரியுது, சத்தம் இல்லை

இது லேசு, ஏனெண்டா மீற்றரே கதை சொல்லும். பிளேற்றில 170 க்குப் பதிலா முழு 250 உம் நிண்டா வால்வுக்குள்ளால கறண்ட் ஓடேல்ல, கதோட் ரெசிஸ்ரர் அறுந்திருக்கும், இல்லாட்டிச் சொல்டர் பிடிச்சிருக்காது, இல்லாட்டி அந்தப் பாதி செத்திட்டுது. பிளேற்றில சுழியம் எண்டா 100 கே ரெசிஸ்ரர் அறுந்திருக்கு, இல்லாட்டி எச்.ரி. அங்க வந்தே சேரேல்ல. பிளேற் 100 க்குக் கிட்ட, இல்லாட்டி அதுக்கும் கீழ இறங்கிக் கிடந்தா வால்வ் அளவுக்கு மேல கறண்ட் இழுக்குது, கதோட் கபாசிற்றர் ஷோர்ட்டாகி 1.5 கே ஐ மேவிப் போகுதா எண்டு பாருங்கோ. எல்லா வோல்டேஜும் கடதாசியில இருக்கிற மாதிரியே இருந்தும் சத்தம் இல்லையெண்டா வால்வில பிழையில்லை, சுவிச், ஜாக், வயர் இதுகளிலதான் தேடோணும், எங்களுக்கு ரெண்டு தரம் ஆர்சிஏ ஜாக்கின்ர நடுப் பின்னில சொல்டர் பிடிக்காமல் இருந்தது.

ம்ம்ம் எண்டு இரையுது

எல்லாருக்கும் வாற வருத்தம் இது, எல்லாரும் உடன வடிகட்டுற கபாசிற்றரைப் பெருப்பிக்கத்தான் ஓடுவினம், முக்கால்வாசி நேரம் காரணம் அது இல்லை.

காதால முதல்ல ஒரு வேலை செய்யுங்கோ. எங்கட மெயின்ஸ் 50 ஹேர்ட்ஸ், அதை நாலு டயோட் பிரிட்ஜால ரெக்ரிபை பண்ணினா 100. போனில ரோன் ஜெனரேற்றர் எண்டு தேடினா அப் கிடைக்கும், அதில இருந்து 50 ஐயும் 100 ஐயும் அம்பிளிபயருக்குள்ள விட்டுக் கேளுங்கோ, போன் ஸ்பீக்கரில 50 கேக்காது. 50 நெஞ்சில முட்டுற மாதிரி ஆழமான ம்ம்ம், 100 அதை விட ஒரு ஸ்தாயி மேல, இரைச்சலா வரேக்க கொஞ்சம் ர்ர்ர் எண்டு கரடுமுரடா இருக்கும். உங்கட இரைச்சல் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சா தேடுற இடம் பாதியாக் குறையும்.

பிறகு வொலியூமை முழுக்கக் குறையுங்கோ. இரைச்சலும் சேந்து குறைஞ்சா அது வொலியூமுக்கு முன்னால இருந்து வருது, எண்டா இன்புட் வயர், ஜாக், இல்லாட்டி நீங்கள் பூட்டியிருக்கிற பிளேயர். குறையாமல் அப்பிடியே நிண்டா வொலியூமுக்குப் பின்னால. அடுத்தது, பாட்டுப் போகேக்க பிரீஅம்பை மட்டும் ப்ளக் பொயின்ற் சுவிச்சில நிப்பாட்டுங்கோ. வால்வ் சூட்டில பாட்டு சில செக்கன் ஓடி மங்கும், அந்த நேரத்திலயும் இரைச்சல் நிக்குதெண்டா அது உங்கட பிரீஅம்ப் போடுற சத்தமே இல்லை, எர்த் லூப், எண்டா ரெண்டு பெட்டியின்ர எர்த்தும் ரெண்டு வழியால சேந்து வளையமாகி அதுக்குள்ள கறண்ட் ஓடுது.

எர்த் லூப்புக்கு எங்கட ஆக்கள் உடன செய்யிற வேலை ப்ளக்கின்ர எர்த் பின்னைக் கழட்டிறது. தயவு செய்து அதைச் செய்யவேண்டாம், ரான்ஸ்போமருக்குள்ள ஒரு சுற்று உருகித் தகட்டில பட்டா எர்த் இல்லாத பெட்டியைத் தொடுற முதல் ஆளுக்கு 230 வோல்ட். செசிஸை மெயின்ஸ் எர்த்தோட நட் போட்டு இறுக்கிவிடுங்கோ, அதைத் தொடவே கூடாது. சேர்க்கிட்டின்ர எர்த்தை செசிஸோட ஒரே ஒரு இடத்தில, 10 ஓம் ரெசிஸ்ரர் ஒண்டாலயும் அதோட சேத்து எதிரெதிராப் போட்ட ரெண்டு பெரிய டயோடாலயும் இணையுங்கோ. ஜாக் எல்லாம் செசிஸில படாமல் பிளாஸ்ரிக் வொஷர் போட்டுப் பூட்டோணும், ஒரு ஜாக் பட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண். பழைய வீடுகளில உருண்டைப் பின் ப்ளக் பொயின்ற்றில எர்த் ஓட்டை இருக்கும், பின்னால வயர் இராது, அதையும் ஒருக்காப் பாருங்கோ. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடெண்டா எர்த் கம்பியில வயர் பூட்டின இடம் கறள் பிடிச்சு விட்டிருக்கும்.

100 ஹேர்ட்ஸ் எண்டா எர்த் வயர் ஓடின ஒழுங்கைப் பாருங்கோ. பிரிட்ஜின்ர மைனஸ் வயர் முதல்ல, நேர, முதல் பெரிய கபாசிற்றரின்ர மைனஸ் காலுக்குத்தான் போகோணும், அந்தக் காலில இருந்து ஒரு வயர் மற்ற எர்த் எல்லாம் கூடுற நடுப் புள்ளிக்கு. பிரிட்ஜ் கபாசிற்றரை நிரப்பிற கறண்ட் செக்கனுக்கு 100 தரம் பெரிய குத்தாப் போகும், அந்தக் குத்துப் போற வயரில இன்புட் எர்த்தும் சேந்திருந்தா அது அப்பிடியே 60 மடங்கு பெருகி வெளிய வரும். என்ர கூட்டாளியின்ர பெட்டியில 4 அங்குல வயரை ஒரு காலில இருந்து மற்றக் காலுக்கு மாத்தினது மட்டும்தான், சாமான் ஒண்டும் மாத்தேல்ல, இரைச்சல் அந்த நிமிசமே போயிற்று. அண்டைக்குத்தான் கபாசிற்றரைப் பெருப்பிக்கிற பழக்கத்தை நாங்கள் எல்லாரும் விட்டது.

ஹீற்றர் டிசி எண்டாலும் 100 வரலாம். ஹீற்றர் வோல்டேஜை நிலையா வச்சிருக்கிற ரெகுலேற்றர் 7812, அதுக்கு உள்ள போற வோல்டேஜ் ஏசியின்ர ஒவ்வொரு பள்ளத்திலயும் 15 க்குக் கீழ இறங்கினா அது ரெகுலேற் பண்ண ஏலாமல் அந்தப் பள்ளத்தை அப்பிடியே வெளிய விடும், 12 வோல்ட் ரான்ஸ்போமரில இது மட்டுமட்டு, அதாலதான் நாங்கள் 15 க்கு மாறினது. 7812 இன்ர எர்த் காலில ஒரு டயோட் போட்டா 12.6 வோல்ட் வரும். ஆனா 7812 இன்ர முதுகுத் தகடு அந்த எர்த் காலோட உள்ளுக்குள்ள ஒட்டினது, கறண்ட் கடத்தாத மைக்காத் துண்டு போடாமல் செசிஸில இறுக்கினா டயோட்டுக்கு வேலையில்லை.

50 எண்டா பெரும்பாலும் ரான்ஸ்போமரின்ர காந்தம், இல்லாட்டி ஏசியில ஓடுற ஹீற்றர் வயர். ஏசி ஹீற்றர் எண்டா ரெண்டு வயரையும் நெருக்கமா முறுக்கி செசிஸ் மூலையோட ஒட்டிக் கொண்டுபோங்கோ, ரெண்டு 100 ஓம் ரெசிஸ்ரரால நடுப் புள்ளி எடுத்து எர்த் பண்ணுங்கோ. ரான்ஸ்போமருக்கு ஒரே வழி, ஓட்டை போட முதல் வயரை நீளமா விட்டு ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைக் கழட்டித் திருப்பித் திருப்பி வச்சுக் கேட்டுப் பாக்கிறதுதான். பாலையூத்து அண்ணையின்ர பெட்டியில கால் வட்டம் திருப்பினவுடன பாதிக்கு மேல குறைஞ்சது, நானா பிறகுதான் ஓட்டை போட்டார். வொலியூம் கொன்ரோலின்ர தண்டைத் தொட்டா இரைச்சல் நிக்குது, விட்டா வருது எண்டா அதின்ர தகர உடம்பு எர்த்தில படேல்ல, ஒரு துண்டு வயர் போதும்.

கரகரக்குது, படபடக்குது

இது என்ர பெட்டிக்கு வந்தது, நான் கூடக் காலம் செலவழிச்சதும் இதுக்குத்தான்.

கச்சான் காத்தடிக்கிற மாசமெல்லாம் சுகமாப் பாடிக்கொண்டிருந்தது. வாடை தொடங்கி மழை பிடிச்ச உடன, சுவிச் போட்டு முதல் கால் மணித்தியாலம் இடது பக்கம் மட்டும் கரகர, இடைக்கிடை நெருப்பில உப்புப் போட்ட மாதிரிப் படபட, பிறகு தானா நிண்டிடும். மூண்டு வால்வ் மாத்தினன், 100 கே ரெசிஸ்ரரை மெட்டல் பிலிமுக்கு மாத்தினன், ஒண்டும் நடக்கேல்ல. சூடாகினாப் போகுதெண்டா ஈரமாத்தான் இருக்கோணும் எண்டு சொன்னது மூதூர்த் தம்பி. சோடாக் குடிக்கிற பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ ஒண்டை எடுத்து, முகத்தைத் தள்ளி வச்சுக்கொண்டு, சூடாகி அமைதியா இருந்த பெட்டிக்குள்ள ஒவ்வொரு இடமா மெல்ல ஊதினார். சக்திவழங்கிப் பக்கம் ஒண்டுமில்லை, வலது பக்கம் ஒண்டுமில்லை, 12ஏஎக்ஸ்7 சொக்கற்றின்ர 1ஆம் 2ஆம் பின்னடியில ஊதினவுடன கரகர எண்டு வந்தது, மூச்சு ஈரம் காய நிண்டது, திருப்பி ஊத திருப்பி வந்தது.

ப்ளக்கைக் கழட்டி, கறண்ட் இறங்கினதைப் பாத்து, லென்ஸ் வச்சுப் பாத்தம். அந்த ரெண்டு பின்னுக்கும் நடுவில சொல்டர் பசை உருகி ஓடிக் காய்ஞ்சு, பனங்கட்டி பாகு மாதிரி மண்ணிறமா ஒரு பாலம் கட்டியிருந்தது, மேல மெல்லிய வெள்ளைத் தூள், எங்கட கடல் காத்தின்ர உப்பு. ஒரு பக்கம் 170 வோல்ட் நிக்கிற பிளேற், அரை விரல் அகலம்கூட இல்லாத தூரத்தில சுழியத்தில இருக்கவேண்டிய கிரிட். உப்பு ஈரத்தை இழுக்கும், பாலத்தால கறண்ட் கசியும், கசிவு நிலையா இராமல் துள்ளும், கிரிட்டில வாற சின்னத் துள்ளலையும் வால்வ் பெருக்கித்தான் விடும். வால்வ் சூட்டில பசை காய்ஞ்சா நிண்டிடும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில பழைய பல்துலக்கிற பிரஷைத் தோய்ச்சு உரஞ்சி, அது காய முதலே துணியால ஒத்தி எடுக்கோணும், இல்லாட்டிக் கரைஞ்ச பசை இன்னும் பரவி உக்காந்திடும். ரெண்டு தரம் அப்பிடிச் செய்து, ஒரு மணித்தியாலம் பானுக்கு முன்னால வச்சன். அந்த வாடை முழுக்கப் பிறகு சத்தமே இல்லை. இப்ப ஒவ்வொரு சொக்கற்றையும் சொல்டர் முடிச்ச அண்டைக்கே கழுவிறம்.

ஈரத்துக்குச் சம்பந்தமில்லாமல் கரகரத்தா ஒழுங்கு இது: ரெண்டு சனலுக்கும் வெவ்வேற வால்வ் எண்டா இடம் மாத்துங்கோ, எங்கட மாதிரி ஒரே வால்வெண்டா வேற ஒண்டைக் குத்திப் பாருங்கோ. வால்வில இல்லையெண்டா ஐஸ்பழக் குச்சியால ஒவ்வொரு சொல்டரையும் மெல்லத் தள்ளிப் பாருங்கோ, பிடிக்காத சொல்டர் உடன காட்டிக் குடுக்கும். சொக்கற்றுக்குள்ள கறள் எண்டா பவர் இல்லாமல் வால்வை அஞ்சாறு தரம் கழட்டிப் பூட்டினாலே கொஞ்சம் தெளியும், பிறகு ஊசியால உள் தகட்டை மெல்ல நெருக்கிவிடோணும். தொடர்ந்து உஸ்ஸ் எண்டு மட்டும் வந்தா பிளேற் ரெசிஸ்ரர் பழைய காபன் கட்டியா எண்டு பாருங்கோ, அதை மட்டும் மாத்தினாப் போதும்.

பொலோவர் வால்வின்ர கரகர வேற கதை. அதின்ர கதோட் 172 வோல்ட்டில நிக்கும், ஹீற்றர் எர்த்தில இருந்தா ரெண்டுக்கும் இடையில அந்த 172 உம் தாங்கோணும், ஈசிசி82 (12ஏயூ7 இன்ர ஐரோப்பியப் பேர்) இன்ர டேட்டா ஷீற்றில எல்லையே 180 தான். அந்த இடைவெளியைக் குறைக்க எச்.ரி. இல இருந்து 220 கே, அதுக்குக் கீழ எர்த்துக்கு 68 கே, 68 கே க்குக் குறுக்க 10 மைக்ரோ பரட், அந்தப் புள்ளியில 59 வோல்ட் வரும், ஹீற்றர் சப்ளையின்ர மைனஸை எர்த்தில இருந்து கழட்டி அங்க பூட்டுங்கோ. ரெண்டு ரெசிஸ்ரரும் சேந்து சுவிச் நிப்பாட்டின பிறகு கபாசிற்றரையும் வடிய வைக்கும், நான் முதல் சொன்ன 2 நிமிசம் இந்தக் கணக்குத்தான். பூட்டின பிறகும் 59 க்குப் பதிலா சுழியம் காட்டினா அந்த 7812 இன்ர முதுகுதான், மைக்கா கிழிஞ்சிருக்கும்.

வொலியூமைத் திருப்பேக்க மட்டும் சர்சர் எண்டுது

புது கொன்ரோல் எண்டா அழுக்கில்லை, அதுக்குள்ள டிசி வருது. கழுவ முதல் மீற்றர் வையுங்கோ. பிளேயர் பக்கத்தில இருந்து வந்தா இன்புட்டில ஒரு கபாசிற்றர், கிரிட் பக்கத்தில இருந்து வந்தா வால்வ் கசியுது. வேற சேர்க்கிட் எண்டா முதல் ஸ்ரேஜில (பெருக்கிற கட்டத்தில) இருந்து டிசியை மறிச்சுப் பாட்டை மட்டும் விடுற கப்ளிங் கபாசிற்றரைப் பாருங்கோ, அதுக்கு அங்கால கிரிட்டில அரை வோல்ட் கண்டாலும் அதைத் தூக்கி எறியோணும்.

தட்டினா மணி மாதிரிக் கிணுங்குது

வால்வுக்குள்ள கிரிட் மெல்லிய கம்பிச் சுற்று, ஆடினா அந்த ஆட்டமும் சத்தமாகும். 12ஏஎக்ஸ்7 போல கூடப் பெருக்கிற வால்வில கொஞ்சமாவது இருக்கும், ஐஸ்பழக் குச்சியால தட்டினா ரிங் எண்டு ஒருக்கா வந்து அடங்கினா அதோட வாழலாம். ஸ்பீக்கர் சத்தத்துக்கே ஊஊ எண்டு ஏறத் தொடங்கினா அந்த வால்வை பொலோவர் மாதிரிப் பெருக்காத இடத்துக்கு விட்டிட்டு வேற ஒண்டைத் தேடுங்கோ. சொக்கற்றை ரப்பர் வொஷரில நிக்கவிட்டது எங்களுக்கு நல்லா உதவினது, சைக்கிள் ரியூப் வெட்டி எடுத்தது.

டுப் டுப் டுப் எண்டு வள்ளத்து எஞ்சின் மாதிரி

எங்கட சேர்க்கிட்டில பெருக்கிற ஸ்ரேஜ் ஒண்டுதான், அதால இது வராது. நானா தன்ர பழைய இசைத்தட்டுகள் கேக்கிறதுக்கெண்டு முன்னால ரெண்டு ஸ்ரேஜ் போனோ (இசைத்தட்டுக்கான பிரீஅம்ப்) ஒண்டை அதே எச்.ரி. இல பூட்டினார், அண்டு பின்னேரம் மூதூர் லோஞ்ச் விறாந்தைக்குள்ள வந்த மாதிரி. கடைசி ஸ்ரேஜ் இழுக்கிற கறண்ட் எச்.ரி. லைனை ஆட்ட, அந்த ஆட்டம் முதல் ஸ்ரேஜுக்குள்ள போய்ப் பெருகித் திருப்பி வருது. போனோவுக்கு எச்.ரி. போற வழியில 10 கே ரெசிஸ்ரரும் அதுக்குப் பின்னால எர்த்துக்கு 22 மைக்ரோ பரட்டும் போடோணும். நானா போட்டுத்தான் இருந்தவர், ஆனா அந்தக் கபாசிற்றர் பழைய ரீவீயில கழட்டினது, உள்ள காய்ஞ்சு 3 மைக்ரோ பரட் கூடக் காட்டேல்ல. கழட்டின எலெக்ரோலிற்றிக்கை அளக்காமல் பூட்டவேண்டாம்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

வோல்டேஜ் எல்லாம் சரி, ஒரு சனல் மட்டும் பாதி மாதிரி எண்டா கதோட் கபாசிற்றர் அறுந்திருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கோ, அது இருந்தா இந்த ஸ்ரேஜ் 61 மடங்கு பெருக்கும், இல்லாட்டி 32. இன்னொரு நல்ல கபாசிற்றரை மேலால முதலைக் கிளிப் போட்டுப் பிடிச்சா உடன தெரியும், பவரை நிப்பாட்டிப்போட்டுத்தான் கிளிப்பைப் போடோணும்.

வொலியூம் கொஞ்சம் திருப்பின உடன காது கிழியுது எண்டு சொல்லுறவைக்கும் இதிலதான் விடை. சீடி பிளேயர் 2 வோல்ட் தருது, அம்பிளிபயருக்கு 1 வோல்ட் காணும், நடுவில 61 மடங்கு என்னத்துக்கு? கதோட் கபாசிற்றர் ரெண்டையும் கழட்டி விடுங்கோ, சத்தம் பாதியாகும், பாட்டும் தெளிவாகும், நான் என்ரதில அப்பிடித்தான் விட்டிருக்கிறன். இன்னும் குறைக்கவேணுமெண்டா முதல் இடத்திலயும் 12ஏயூ7, ஆனா அப்பிடியே குத்தினா பிளேற் 100 வோல்ட்டுக்கும் கீழ வந்திடும், பொலோவரும் சேந்து இறங்கும், ரெசிஸ்ரர்களைத் திருப்பிக் கணக்குப் பாத்து மாத்தோணும்.

பேஸ் இல்லை, இல்லாட்டி மேல் சத்தம் மழுங்குது

பேஸ் இல்லாட்டி முதல்ல உங்கட அம்பிளிபயரின்ர இன்புட் எத்தினை ஓம் எண்டு பாருங்கோ. வால்வ் புத்தகங்களில வெளிய போற கபாசிற்றர் 0.1 எண்டுதான் கிடக்கும், அடுத்ததும் 1 மெக் ஓம் வால்வ் எண்டா அது காணும். இப்பத்தைய அம்பிளிபயர் சிலது 10 கே தான், 0.1 உம் 10 கே உம் சேந்தா 160 ஹேர்ட்ஸுக்குக் கீழ இறங்கத் தொடங்கிடும், மிருதங்கத்தின்ர தொப்பிப் பக்கமே போயிற்று. 2.2 போட்டா அந்த எல்லை 7 ஹேர்ட்ஸ்.

மேல் சத்தம் மழுங்கினா வொலியூம் கொன்ரோல் 500 கே, 1 மெக் எண்டு போட்டிருப்பியள். 12ஏஎக்ஸ்7 இன்ர கிரிட்டுக்கும் பிளேற்றுக்கும் நடுவில இருக்கிற 1.6 பிக்கோ பரட் பெருக்கத்தோட சேந்து 100 பிக்கோவா வெளிய தெரியும், 500 கே கொன்ரோல் நடுவில நிக்கேக்க 12 கிலோ ஹேர்ட்ஸிலயே வெட்டும். 100 கே எண்டா 60 கிலோ ஹேர்ட்ஸ் வரைக்கும் பயமில்லை.

சுவிச் போட்டுக் கொஞ்ச நேரத்தில டம்ம் எண்டு ஸ்பீக்கர் குதிக்குது

வால்வ் சூடாக பொலோவரின்ர கதோட் சுழியத்தில இருந்து 172 க்கு ஏறுது, அந்த ஏற்றம் 2.2 ஊடா வெளிய போகும். பிரீஅம்பை முதல் போட்டு ஒரு நிமிசம் விட்டு அம்பிளிபயரைப் போடுங்கோ, நிப்பாட்டேக்க அம்பிளிபயர் முதல். வெளிய போற ஜாக்குக்குக் குறுக்க 220 கே ஒண்டும் இருக்கோணும், இல்லாட்டிக் கபாசிற்றர் நிறைய வழியில்லாமல் நிண்டு வயரைக் குத்தேக்க டப் எண்டு சத்தம் வரும்.

றேடியோ கேக்குது

பாட்டுக்குப் பின்னால ஆரோ கதைக்கிற மாதிரிக் கேட்டா உங்கட கிரிட் றேடியோ அலையைப் பிடிச்சு ரெக்ரிபை பண்ணுது. ஜேர்மன் வானொலி டொயிச்ச வெலேயின்ர மறுஒலிபரப்பு நிலையம் இஞ்ச நிலாவெளிப் பக்கம் ஓடின காலத்தில, 2013 இல அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின்ர கைக்குப் போக முதல், ஆரின்ர அம்பிளிபயரைத் திருத்தினாலும் இதுக்கும் சேத்துத்தான் மருந்து போடுறது எண்டு பாலையூத்து அண்ணை சொல்லுவார். மருந்து ஒரு 10 கே ரெசிஸ்ரர், கிரிட் பின்னுக்கு முன்னால. அதுவும் வால்வுக்குள்ள இருக்கிற 100 பிக்கோ சொச்சமும் சேந்து 150 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல வாறதை வெட்டிடும், மத்திய அலை அதுக்கு நல்லா மேல, பாட்டு நல்லாக் கீழ, ரெண்டுக்கும் முட்டாது. ஆனா ரெசிஸ்ரரின்ர உடம்பு சொக்கற் பின்னோட ஒட்டி இருக்கோணும், காலை அரை சென்ரிமீற்றருக்கு வெட்டிச் சொல்டர் பண்ணுங்கோ. தம்பி முதல்ல ராக் ஸ்ட்ரிப்பில (சொல்டர் பண்ணுற கால்கள் உள்ள பட்டியில) வடிவா வரிசையா வச்சவர், அங்க இருந்து பின்னுக்கு வந்த 3 அங்குல வயர் தானே அன்ரெனாவா நிண்டு சிங்களச் செய்தியை முழுசா வாசிச்சது.